ராசாவின் இடது குதிகால்

ராசா செத்து ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஆகிவிட்டது, குடை மட்டும் அப்படியே நேராக நின்றது. அதில் பேராத்திக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேறொருத்தியாக இருந்தால் கூப்பாடு போட்டிருப்பாள், காம்பை நழுவ விட்டிருப்பாள், தேரிநாட்டுப் படை மொத்தமும் அவரவர் ஊருக்கு நடையைக் கட்டியிருக்கும். இவள் பேராத்தி. முப்பது வருடமாக ஆரக்கோன் ராசாவுக்குக் குடை பிடிக்கிறவள். யாளியின் முதுகில், ராசாவின் இருக்கைக்கு இடப்பக்கம் அடித்த பலகையில் நின்றுகொண்டு, இரண்டு ஆள் உயர மூங்கில் காம்பை இடுப்பு வாரில் ஊன்றி, அண்டரண்டப் பறவையின் வெள்ளை இறகு வேய்ந்த அந்தக் குடையைக் காற்றுக்கும் விட்டுக்கொடுக்காமல் யாளியின் குலுக்கலுக்கும் விட்டுக்கொடுக்காமல் நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. படையில் எவனும் ராசாவின் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுவதில்லை. அந்தப் புழுதியில் முகம் எங்கே தெரியும், குடைதான் தெரியும். காலையில் குடை நிழலில் உட்கார்ந்து ராசா கையால் ஒரு உருண்டை சோறு வாங்கித் தின்றவன், குடை நிற்கிற வரைக்கும் நின்றாக வேண்டும். குடை சாய்ந்தால் தின்ற சோற்றுக்குக் கணக்குத் தீர்ந்தது, அவன் திரும்பிப் போகலாம், யாரும் அவனைக் கோழை என்று சொல்லக்கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. களத்தில் ராசா விழுந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் குடை நிழல் யார் தலையில் விழுகிறதோ அவர்தான் அடுத்த ராசா. முடி வேண்டாம், மேளம் வேண்டாம், நிழல் போதும். இதையெல்லாம் பேராத்தி சின்ன வயதில் கதையாகக் கேட்டதுதான். ஒருநாள் அந்தக் கதை தன் இடுப்பு வாரில் வந்து ஊன்றி நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அம்பு இடப்பக்கமிருந்து வந்து, தூக்கிய கைக்குக் கீழே, கவசம் மூடாத அக்குளில் இறங்கியிருந்தது. சத்தமே இல்லை. தும்மல் வந்து அடங்கின மாதிரி ராசா ஒரு தரம் குலுங்கினார், வலப்பக்கம் சாய்ந்தார், அவ்வளவுதான். பேராத்தி ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருடைய கச்சையைப் பற்றி இழுத்தாள். யாளியின் கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகன் புலமாடன் பாரம் மாறுவதை உணர்ந்து திரும்பினான், பார்த்தான், வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. "எக்கா, ராசா போயிட்டாவளா?" என்றான். "வாயை மூடுல. ஏறி வந்து அந்த மேல்துண்டை எடுத்துப் பின்கட்டையோட சேத்துக் கட்டு. இறுக்கி. கழுத்துக்குத் திண்டு வை." அவன் கட்டினான். நல்ல முடிச்சு, யாளிக்குப் போடுகிற முடிச்சு. ராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, யோசனையில் இருக்கிற ராசா. கிட்டத்தில் இருக்கிற பேராத்திக்கும் அப்படித்தான் தெரிந்தது, அதுதான் அவளைக் கொஞ்சம் பிசைந்தது. பக்கவாட்டில் தெரிந்த அந்தக் காது, நரை முளைத்த அந்தக் காது மடல், முப்பது வருடமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். மனைவிமார் இரண்டு பேர் முகத்தைப் பார்த்தார்கள், மந்திரிகள் கையைப் பார்த்தார்கள், அவளுக்கு அந்தக் காதும் அந்தக் காலும். "எந்தப் பக்கம்க்கா?" என்று புலமாடன் கேட்டான். வழக்கம் அவனுக்கும் தெரியும். நிழல் ராசாவின் மகன் பக்கமா மகள் பக்கமா என்றுதான் கேட்கிறான்.

காலைப் பற்றித்தான் நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. முரசும் பிளிறலுமாக இருக்கிற களத்தில் வாயால் சொன்னால் எது கேட்கும்? ராசா அவளிடம் காலால்தான் பேசுவார். அவளுடைய வலது பாதத்தின் மேல் அவருடைய இடது குதிகால் இருக்கும். அழுத்தினால் நில். இடப்பக்கம் தள்ளினால் குடை இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். இரண்டு தட்டு தட்டினால் குடையை ஒரு தரம் தாழ்த்தி நிமிர்த்த வேண்டும். ராசா உன்னைக் கண்டார் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு தாழ்த்தலுக்காகக் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தானாக ஒரு தரம்கூட அவள் குடையை அசைத்தது கிடையாது. இன்றைக்கு அம்பு விழுந்த அந்த நொடியில் ராசாவின் குதிகால் அவள் பாதத்தின் மேல் வலப்பக்கமாக இழுபட்டது. தோல் உரிந்து வழண்டிருக்கிறது, இன்னும் எரிகிறது. வலப்பக்கம் பனங்காட்டு மேட்டில் குதிரைப் படையோடு நிற்பது மூத்தவன், இளவரசன் வேங்கையன். அப்படியென்றால் உத்தரவு வந்துவிட்டதா? செத்துக்கொண்டே மகனைச் சொல்லிவிட்டாரா? ஆனால் அம்பு இடப்பக்கம் தைத்தால் ஆள் வலப்பக்கம்தான் சாய்வான், ஆள் சாய்ந்தால் கால் கூடவே போகும், மூட்டையைத் தள்ளினாலும் அப்படித்தான் போகும். ராசா இழுத்தாரா, செத்த கால் இழுபட்டதா? அதைச் சொல்ல ஒரு அடையாளம் உண்டு, அவளுக்கு மட்டும் தெரிந்த அடையாளம். எந்த உத்தரவுக்கும் முன்னால் ராசாவின் கட்டைவிரல் ஒரு தரம் உள்ளே மடங்கும். அவருக்கே தெரியாது அது. மனசு முடிவெடுத்ததும் விரல் மடங்கும், அதற்கப்புறம்தான் குதிகால் பேசும். இன்றைக்கு விரல் மடங்கியதா? அந்த நேரம் பார்த்து அவள் ஆற்றுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்கியிருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. நீ ஆசைப்படுகிறாய், அதனால் மடங்கியிருக்கும் என்கிறாய் என்று இன்னொரு மனசு சொன்னது. அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். விரல்கள் தளர்ந்து, நகத்தில் சிவப்பு மண்ணோடு, ஒன்றும் சொல்லாமல் கிடந்தன.

ஆசைதான். ஒளிப்பானேன், ஆசையேதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், முட்டையே இடாத காக்கைக்கு அது இரண்டு பங்கு. தாய் செத்த பிள்ளை வேங்கையன், குடை நிழலில் வளர்ந்தவன். அவளைக் குடையம்மா என்று முதலில் கூப்பிட்டவன் அவன்தான், அப்புறம்தான் அரண்மனை முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெயிலில் வெந்து உரிந்த அவள் கழுத்துக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டு வருவான், தானே பூசிவிடுவான், "குடையம்மா, நான் ராசா ஆனதும் உனக்கு ஒரு குடை வச்சுத் தாரேன்" என்பான். அந்தச் சந்தனத்தின் குளிர்ச்சி இப்போதுகூடக் கழுத்தில் இருந்தது, மேல் வெயில் கொளுத்தும்போதும் இருந்தது. அழகன், தைரியசாலி, கூட நிற்கிறவனுக்கெல்லாம் தன் தோளைக் கொடுக்கிறவன். அவன் தலையில் இந்த நிழல் விழுந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும். ஆனால் குளத்து மதில் ஞாபகம் வந்து குறுக்கே நின்றது. சின்னப் பையனாக அரண்மனைக் குளத்து மதில் மேல் ஏறி நின்று கத்தினான்: "குடையம்மா, அப்பா பாக்காவளா?" அப்பா ஏதோ தூதனோடு பேசிக்கொண்டிருந்தார். குதிகால் அசையவில்லை. பையன் கொஞ்ச நேரம் நின்றான், கால் மாற்றி நின்றான், பிறகு வந்த வழியே இறங்கிவிட்டான். பயந்து இறங்கவில்லை, அது அவளுக்குத் தெரியும். மறுநாள் அப்பா பார்த்தபோது அதைவிட உயரத்திலிருந்து குதித்தான். பார்க்க ஆள் இருந்தால் மலையைப் பிளப்பான், ஆள் இல்லையென்றால் மதிலைவிட்டு இறங்கிவிடுவான். இப்போதும் பனங்காட்டு மேட்டில் அவனுடைய பித்தளைத் தலைக்கவசம் மின்னியது, அணைந்தது, மின்னியது. அவன் குடையைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் வெயில் அதில் பட்டுத் தெறிக்கிறது. காலையிலிருந்து அப்படித்தான் மின்னுகிறது. ராசாவுக்கு மேலே பார்க்க யார் இருக்கிறார்கள்? ஒரு குடை இருக்கிறது, அதற்குக் கண் கிடையாது. அவனை ராசா ஆக்கினால் அவன் யாரைத் திரும்பிப் பார்ப்பான்?

இடப்பக்கம் ஆற்றின் நாவல்துறை. அங்கே அவன் தங்கை கொற்றி, முழங்கால் சேற்றில், காலாட்களோடு. எதிரிகளான உவர்க்கரையாரின் உடும்புப் படை அந்தத் துறையைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. குதிரை அளவு உடும்பு, கரையில் நகத்தை ஊன்றினால் லேசில் பெயராது, உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள். கொற்றி என்றதும் பேராத்திக்கு முதலில் ஞாபகம் வருவது கம்பம். சபை நடுவில், அத்தனை பேர் கேட்க, அந்தப் பெண் சொன்னாள்: "ஒருத்தருக்கு வெயில் படக்கூடாதுன்னு இன்னொருத்தி வெயில்ல நிக்கணுமா? குடையை ஒரு கம்பத்துல கட்டிட்டா ஆகாதா?" கம்பத்தில் கட்ட வேண்டுமாம். யாளி திரும்பினால் கம்பம் திரும்புமா, காற்று மாறினால் கம்பத்துக்குத் தெரியுமா, இரண்டு தட்டு தட்டினால் கம்பம் தாழுமா? அன்றைக்கு இரவு பேராத்திக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசும், அதுவும் குத்தத்தான் செய்யும். குழந்தையாக இருந்தபோதே அப்படி. ஊர்வலத்தில் ராசாவின் இருக்கைக்குக் கீழே உட்கார வைத்தால் மூத்தவன் நின்றுகொண்டு கூட்டத்துக்குக் கையசைப்பான், இது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்பாவின் காலையும் பேராத்தியின் காலையுமே பார்த்துக்கொண்டு வரும். உம்மணாமூஞ்சி என்று அவள் பெயர் வைத்திருந்தாள். கம்பத்தில் கட்ட வேண்டுமாம். அந்த உம்மணாமூஞ்சியின் முதுகு இப்போது துறையில் தெரிந்தது. சேறு அப்பிய முதுகு. காலையிலிருந்து அந்த முதுகைத்தான் அவள் பார்க்கிறாள், ஒரு தரம்கூட அது முகமாகவில்லை. குடை நிற்கிறதா, அப்பா பார்க்கிறாரா, கண்டார் என்று தாழ்கிறதா, எதுவும் வேண்டாம் அதற்கு. விழுந்தவனைத் தூக்குகிறாள், ஈட்டியை மாற்றிக் கொடுக்கிறாள், மறுபடி நிற்கிறாள். எரிச்சலாக வந்தது பேராத்திக்கு. முப்பது வருடம் நானும் அப்படித்தானே நின்றேன், என்னை எவன் திரும்பிப் பார்த்தான் என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடிய வேகத்தில் நின்றது. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய முதுகு.

"எக்கா, வெயில் உச்சிக்கு வருது. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கக்கூடாதுக்கா. ராசா எதும் சொன்னாவளா, போவதுக்கு முன்னால?" புலமாடன் கழுத்தைத் திருப்பாமல் கேட்டான். சொன்னார் என்று சொல்லிவிடலாம். கால் வலப்பக்கம் இழுத்தது, பாரு தோல் வழண்டிருக்கிறது என்று காட்டிவிடலாம், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, அவன் நம்புவான், ஊரும் நம்பும், வேங்கையனுக்குச் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம், தப்பாகப் போனால் செத்த காலின் மேல் பழி. எவ்வளவு வசதியான கால். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தேடிக்கொண்டிருந்தது உத்தரவை இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு இடத்தை. அவருக்கு முப்பது வருடம் நிழல் கொடுத்தவள், கடைசியில் அவர் நிழலில் ஒதுங்கப் பார்க்கிறாள். "ஒண்ணும் சொல்லலடா. ராசா ஒண்ணும் சொல்லல," என்றாள். சொன்னதும் தோள் லேசாகியது. "நான் சொல்லுதேன். இடப்பக்கம் விடு. துறைக்கு." புலமாடன் இப்போது திரும்பினான். "மூத்தவுக கோவிச்சுக்கிட்டுக் குதிரையை ஓட்டிட்டுப் போயிட்டாவன்னா? அந்தப் பக்கம் தொறந்து போயிருமே." "போவ மாட்டான். அப்பா தங்கச்சிகிட்ட போறாருன்னு நெனப்பான், அவரு கண்ணைத் தன் பக்கம் திருப்பப் பாப்பான். அவனை நான் வளத்திருக்கேன். நீ விடு."

யாளி இறங்கியது. ராசாவின் யாளி நின்ற மேட்டிலிருந்து துறைக்கு அப்படியொன்றும் தூரம் இல்லை, ஆனால் கட்டிவைத்த ராசாவோடு இறங்கும்போது அது வேறு தூரம். ஒவ்வொரு எட்டுக்கும் திண்டு நழுவிவிடுமோ, தலை தொங்கிவிடுமோ என்று ஒரு கண் அங்கே, காற்று மாறுகிறதா என்று ஒரு கண் மேலே. வழியில் நின்ற வில்லாட்கள் குடை வருவதைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள், ராசா வாராவ ராசா வாராவ என்று அந்தக் குரல் முன்னால் ஓடியது. வலப்பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. தலைக்கவசம் மின்னும், நிற்கும், குடை எங்கே போகிறது என்று அவன் பார்ப்பான், தங்கச்சியிடம் போகிறது என்று புரியும், அவன் மார் எரியும். எரியட்டும். அந்த எரிச்சல் அவனை எங்கே கொண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியும், அந்தத் தெரிந்ததை வைத்துத்தான் இந்த யாளியையே அவள் நடத்துகிறாள். பெற்றவளாக இருந்தால் பிள்ளையின் புண்ணில் இப்படிக் கோல் வைத்து ஓட்டுவாளா? மாட்டாள். கழுத்தில் அந்தச் சந்தனம் மறுபடி குளிர்ந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, வழியட்டும் என்று விட்டாள். பனங்காட்டுப் பக்கமிருந்து குளம்புச் சத்தம் எழுந்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் தரையே அதிர. "எக்கா, மூத்தவுக இறங்கிட்டாவ," என்றான் புலமாடன், "ஒத்தையா முன்னால போறாவ. கிறுக்கு மாதிரி போறாவ." "தெரியும்ல. நீ முன்னால பாத்து விடு."

துறையில் யாளி சேற்றில் இறங்கியபோது நிழல் முதலில் ஈட்டிக்காரன் ஒருவன் மேல் விழுந்தது, அவன் பயந்து விலகினான், பிறகு அந்தச் சேறு அப்பிய முதுகின் மேல் விழுந்தது. கொற்றி திரும்பினாள். குடையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே காலைப் பார்த்தாள். தளர்ந்து கிடந்த அந்த விரல்களைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று இடிந்து விழுந்தது, அவள் அதை அங்கேயே விழவிட்டு, யாளியின் வாரைப் பிடித்து ஏறி, அப்பாவின் பக்கத்தில், இருக்கையின் இடது விளிம்பில் உட்கார்ந்தாள். கீழே கூச்சலில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, ராசா மகளை மேலே கூப்பிட்டுக்கொண்டார், அவ்வளவுதான். "எப்போ?" என்றாள். "மேட்டுல நிக்கும்போது." "யாருக்குத் தெரியும்?" "எனக்கும் பாகனுக்கும்." கொற்றி நிமிர்ந்து தன் தலைக்கு மேலிருந்த வெள்ளை இறகுகளைப் பார்த்தாள், தன் மடியில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தாள். "அப்பா சொன்னாவளா, என்கிட்ட வரச் சொல்லி?" பேராத்தி ஒரு மூச்சு விட்டாள். "இல்ல தாயி. நானாத்தான் வந்தேன்." அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சபையில் கம்பம் என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை. அப்புறம் அப்பாவின் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

அக்கரையில் சத்தம் மாறியது. பக்கவாட்டில் குதிரைகள் வந்து மோதியதில் உடும்புகள் பிடியை விட்டுத் திரும்பின, திரும்பினவை தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு உவர்க்கரைப் பக்கம் ஓடின. துறையில் நின்றவர்கள் குரல் எடுத்துக் கத்தினார்கள். புழுதி கொஞ்சம் இறங்கியதும் ஒற்றைக் குதிரை தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றது. வேங்கையன். ஒரு பக்கத் தோளெல்லாம் ரத்தம். இன்றைக்கு இந்த நாட்டில் அவனைப்போல் சண்டை போட்டவன் கிடையாது, இனியும் அவன் ஆயுசில் இப்படி ஒரு சண்டை போடப் போவதில்லை. அவன் வாளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, குடையைப் பார்த்தபடி நின்றான். தலைக்கவசம் மின்னியது. இப்போது அது அணையவே இல்லை. அப்பா பாக்காவளா, குடையம்மா? பேராத்தியின் கைகள் காம்பை இறுக்கின. தாழ்த்து என்று மனசு அடித்துக்கொண்டது, ஒரே ஒரு தாழ்த்தல், அவனுக்கு அதைத் தவிர என்ன வேண்டும், மற்ற எல்லாவற்றையும்தான் பிடுங்கிக்கொண்டாயே. ஆனால் இப்போது நிழலில் ஒரு புது ராசா உட்கார்ந்திருக்கிறார், குடை இனி அவள் இஷ்டத்துக்கு அசையக்கூடாது, ஒரு முறை அசைந்ததே போதும். இந்த ராசாவுக்கு யாரையும் மெச்சிப் பழக்கம் இல்லை, மெச்சலுக்காகக் காத்திருந்தும் பழக்கம் இல்லை. கண்டோம் என்று சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியுமோ என்னவோ. வாள் மேலேயே நின்றது. பேராத்தி தலையைக் குனிந்துகொண்டாள், அவனைப் பார்க்க முடியவில்லை, பார்க்க இருந்த ஒரே இடம் பலகைதான். அங்கே அவளுடைய வழண்ட பாதத்தின் மேல் சேற்றுக் கால் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. இடது கால். துறைச் சேற்றில் குளிர்ந்த, கொற்றியின் குதிகால். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலின் கட்டைவிரல் ஒரு தரம் உள்ளே மடங்கியது. பிறகு குதிகால் தட்டியது, இரண்டு தட்டு.

பேராத்தி குடையைத் தாழ்த்தி நிமிர்த்தினாள்.